கொடுவாவுக்கு முதலில் எதை எறிவது

தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் கொடுவா மீன் பிடிக்கிற தம்பிஐயாவுக்கு உலகத்தில் ஒரேயொரு யோசனைதான் இருந்தது: முதலில் எதை எறிவது? அரிசி முடிந்துவிட்டதை அடுப்பு மூட்டிய பிறகுதான் கண்டுபிடிக்கிற மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கோட்டில் வழக்காடுகிற அப்புக்காத்துமாரைத் தோற்கடிப்பார்.

அவரிடம் ஒரு பழைய பிஸ்கற் பெட்டி இருந்தது. அதற்குள் மூன்று பொய் இரைகள், மூன்றும் அவரே செய்தவை. பால்மா ரின் மூடியை வெட்டி வளைத்த தகடு ஒன்று. வெள்ளைச் சேவலின் இறகை ஈயக்குண்டோடு சேர்த்துக் கட்டியது ஒன்று. முள்முருக்கங் கட்டையில் செதுக்கி, கண்ணும் வைத்த மீன்குஞ்சு ஒன்று. தண்ணீர் கலங்கியிருந்தால் தகடு, அதுதான் மினுங்கும். தெளிந்திருந்தால் இறகு. காற்று விழுந்து ஆறு அசையாமல் கிடந்தால் மரக்குஞ்சு. இவ்வளவும் மனப்பாடம். ஆனாலும் பாலத்தில் நின்று பெட்டியைத் திறந்தால், எடுப்பதும் வைப்பதுமாகப் பொழுது போய்விடும். கொடுவா பொல்லாத மீன். முதல் எறிக்கு வந்தால் வந்ததுதான். கிட்ட வந்து பார்த்துச் சந்தேகப்பட்டுத் திரும்பிவிட்டால், பிறகு தங்கத்தைக் கட்டி எறிந்தாலும் அன்றைக்கு வராது.

"தகடோ? இறகோ?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்பார். மறுமொழி சொல்ல ஆளில்லை. பிள்ளைகளும் இல்லை. மனைவி தங்கமுத்து இறந்த பிறகு அவர் வாய் திறந்து கதைத்ததில் பாதி அந்தப் பெட்டியோடுதான்.

அவர் வீடு இருந்த சின்னத் தெருவில், அந்த ஒழுங்கை முழுக்க, சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் கடலோடிக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. மீனுக்கு வெளிக்கிட்டவனைப் பார்த்து "எங்கை போறாய்?" என்று கேட்கக்கூடாது. வெளிக்கிட்டவனும் வழியில் தானாகக் கதை தொடங்கமாட்டான். கேட்டால் அன்றைய தொழில் போச்சு. வேறு ஊர்களிலும் இது ஓரளவுக்கு உண்டுதான். இந்த ஒழுங்கையில் அதற்கு மன்னிப்பே கிடையாது. அப்படி ஆக்கிவிட்டவர்களில் தம்பிஐயாவும் ஒருவர். வாலிபத்தில் ஒருநாள் கடைக்காரப் பஞ்சலிங்கம் வாய்தவறிக் கேட்டுவிட, வலையை நடு ஒழுங்கையில் போட்டுவிட்டு, அந்த மனிதரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டித் தீர்த்தார். அன்றிலிருந்து அவரைக் கண்டால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் இடுப்பு விட்டுப்போய், வள்ளத்தை விற்று, காலையும் மாலையும் பெட்டியோடும் நூல் சுற்றிய கட்டையோடும் பாலத்துக்கு நடக்கிற மனிதர், அவ்வளவு மரியாதையையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டிலிருந்து இறங்கும்போது "வாறன்" என்பார். பூட்டிய கதவுக்குத்தான் சொல்வார். தனிமை அவரைத் தின்றது.

எழுபத்து நாலாம் ஆண்டு ஆவணியில், மூலை வீட்டுக்கு ஞானாம்பிகை என்றொருத்தி குடிவந்தாள். சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் வீட்டுப் பெண். கணவனுக்குத் தபால்கந்தோரில் வேலை. மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றவள், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"எங்கை அண்ணை போறியள்?"

எதிர்வீட்டுப் பராசக்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். தம்பிஐயா நின்றார். திட்டத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"பாலத்தடிக்குப் பிள்ளை. கொடுவா பிடிக்க."

"இண்டைக்குப் படுமோ?"

"முதல் எறியிலை தெரியும்."

அன்றைக்கு ஒன்றும் படவில்லை. ஆனாலும் மனிதர் வெறுங்கையோடு சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். அதன் பிறகு மூலை வீட்டடியில் நடை தானாகக் குறையும். செருமுவார். பெட்டியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றுவார். அவளும் தவறாமல் கேட்பாள்.

ஒருநாள் அவள் கேட்கவில்லை. அவரைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். மறுநாளும் அப்படித்தான். பராசக்தி வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். "ஐயோ, அந்தாளின்ரை தொழிலை நானெல்லோ கெடுத்துப்போட்டன்" என்று ஞானாம்பிகை கண்கலங்கினாளாம். நல்ல பெண். அதுதான் கஷ்டம். கோபத்தில் முகம் திருப்பியவளைச் சமாதானப்படுத்தலாம்; மரியாதைக்காகத் திருப்பியவளை என்ன செய்வது?

தம்பிஐயா யோசித்தார். கொடுவாவுக்கு யோசித்ததைவிடக் கூடுதலாக யோசித்தார்.

கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. ஆற்றுத் தடுப்பின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். வருடத்தில் அதைவிட நல்ல நாள் இல்லை. மழைத் தண்ணீர் கடலில் விழுகிற இடத்தில் கொடுவா கூட்டமாக வந்து நிற்கும். ஒழுங்கையின் ஆண்கள் எல்லோரும் விடிந்ததுமே பாலத்துக்குப் போய்விட்டார்கள். கலங்கல் தண்ணீர்; தகடுதான். யோசிக்கவே தேவையில்லை. தம்பிஐயா பெட்டியைக் கையில் எடுத்தார். திரும்ப வைத்தார். நூற்கட்டையையும் அதன்மேல் வைத்தார். "வாறன்" என்று கதவுக்குச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு நடந்தார்.

ஞானாம்பிகை பனையோலைக் கடகத்தோடு வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். அவருடைய கைகளைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"எங்கை அண்ணை போறியள்?"

"ஓரிடமுமில்லைப் பிள்ளை."

"கதவு திறந்திட்டினமாம். மீனுக்குப் போகேல்லையோ?"

"இல்லை."

"சுகமில்லையோ?"

"சுகந்தான்."

அவ்வளவுதான். முதலில் எதைப் போடுவது என்று காலமெல்லாம் யோசித்தவருக்கு, இரண்டாவதாக எதைப் போடுவது என்று தெரியவில்லை. அவள் கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். பிறகு கடகத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். கிட்ட வந்த மீன் திரும்புகிறது என்று அவருக்கு விளங்கியது.

"பிள்ளை," என்றார். "நீங்கள் எங்கை போறியள்?"

அவள் நின்றாள்.

"சந்தைக்கு அண்ணை. எங்கடை ஊர்ப் பக்கத்து மரக்கறி வந்திருக்காம்." கடகத்தைக் கீழே வைத்தாள். "அம்மாவுக்கும் சுகமில்லை, போய்ப் பாக்கவேணும். இஞ்சை வந்த நாள் துவக்கம் என்னோடை கதைக்கிறதுக்கும் ஒருத்தரில்லை…"

அவள் சொல்லிக்கொண்டே போனாள். தம்பிஐயா கேட்டுக்கொண்டு நின்றார். பாலத்துப் பக்கம் பெரிய ஆரவாரம் எழும்பியது. யாருக்கோ நல்ல மீன் பட்டிருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண் கலங்கியது, ஆனால் மீனுக்காக அல்ல. தங்கமுத்துவும் இப்படித்தான் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எத்தனையோ தரம் படலையைத் திறந்து போயிருக்கிறாள். எங்கே போகிறாய் என்று அவர் ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை.