பச்சை மையில் எழுதிய சீட்டு

ஒருத்தியின் ஜெபம் கேட்கப்படக் கூடாது என்று முழங்காலில் நின்று மன்றாடியவள் நான். சாட்சி சொல்ல வருகிறவர்கள் இப்படித் தொடங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறு எப்படித் தொடங்கினாலும் அது பொய்யாகிவிடும். என்னைத் திட்டத் தோன்றினால் திட்டுங்கள். கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள், அது போதும்.

என் பெயர் ரூபி. சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். என் கணவருக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. நூம்பலில் ஒரு அடுக்குமாடியில், இரண்டாவது மாடியில், பதினோரு வருடமாக இருக்கிறோம். அந்த மாடியில் எதிரெதிராக இரண்டே வீடு. எதிர் வீட்டில் சாந்தி இருந்தாள். சென்னையிலேயே, பாடியில் பிறந்து வளர்ந்தவள், என் வயதுதான். நாங்கள் குடிவந்த அன்று கேஸ் அடுப்பை மாட்டத் தெரியாமல் நான் விழித்துக்கொண்டு நின்றபோது, கதவைக்கூடத் தட்டாமல் நேராக உள்ளே வந்து, "இன்னா, டீ குட்ச்சியா இல்லியா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகும் அவள் ஒரு நாளும் என் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை.

வானகரம் மீன் மார்க்கெட்டுக்கு அவளோடுதான் போவேன். என் மகளுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் என்னோடு நான்கு நாள் உட்கார்ந்திருந்தது அவள்தான். நாங்கள் ஊருக்குப் போனால் வீட்டுச் சாவி அவளிடம், அவர்கள் போனால் அவர்கள் சாவி என்னிடம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாரோடும் ஆறு மாதத்துக்கு மேல் ஒத்துப்போனதில்லை. சாந்தியோடு மட்டும் பதினோரு வருடம்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவள் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். ஏழெட்டுப் பேர் வருவோம். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவரும் தன் விண்ணப்பத்தை ஒரு துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் எழுதி, மடித்து, சாந்தியின் எவர்சில்வர் முறுக்கு டப்பாவில் போட வேண்டும். கடைசியில் ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்துக்கொண்டு போய், யாருடையது என்று தெரியாமலே அதற்காக ஒரு வாரம் ஜெபிக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை, "ஜெபித்தேன்" என்று சொல்லிச் சீட்டைத் திருப்பி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

போன வருடம் ஜூன் மாதம் என் மகளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. ஒரே பிள்ளை. ரயில் ஏற்றிவிட்டு வந்து, அவள் கட்டிலில் உட்கார்ந்து போர்வையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரக் கூட்டத்தில் எனக்கு வந்த சீட்டில் பச்சை மையில் இரண்டு வரி இருந்தது.

"அவருக்குக் கோயம்புத்தூர் மாற்றல் சீக்கிரம் கிடைக்க வேண்டும். அங்கே அக்காவுக்கு யாரும் இல்லை."

பச்சை மைப் பேனா என் மகளுடையது. புறப்படும்போது சாந்தியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த அக்காவையும் எனக்குத் தெரியும். தாயில்லாத சாந்தியை வளர்த்தவர். கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸுக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போய் வந்துகொண்டிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். மாற்றல் கேட்டிருக்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரியாது. "சொன்னா நீ அழுவேன்னுதான் சொல்லல" என்று அவள் பிறகு சொன்னாள்.

இரண்டாவது வரியைக் கவனிக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டையும்தான் வாசித்தேன். வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்த மாற்றல் மட்டும் வேண்டாம். பிள்ளையும் போய்விட்டாள். இவளையும் அனுப்பிவிட்டு என்னை என்ன செய்யப் போகிறீர்?" என்று அழுதேன். அக்காவுக்கு வேறு ஏதாவது வழி காட்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். மனசாட்சிக்கு லஞ்சம் கொடுத்தேன் என்று இப்போது புரிகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் முகத்தைப் பார்த்தே, "ஜெபித்தேன்" என்று சொல்லிச் சீட்டை டப்பாவில் போட்டேன்.

ஆகஸ்டில் மாற்றல் பட்டியல் வந்தது. அவள் வீட்டுக்காரர் பெயர் அதில் இல்லை. சாந்தி வந்து என் சமையலறையில் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அது உண்மை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே அக்கா இறந்துபோனார். சாந்தி கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதினாறு நாள் கழித்துத் திரும்பி வந்தவள் பாதியாக இளைத்திருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, அழாமல், சாதாரணமாகச் சொன்னாள்.

"கடைசியில என் பேரத்தான் சொல்லிகினு கீறா. அங்க கீற நர்ஸு பொண்ணு ஒண்ணு கையப் புட்ச்சிகினு, 'நான்தாங்க்கா சாந்தி, வந்துட்டேன்'னு சொல்லிச்சாம். அப்புறம்தான் கண்ண மூடுனாளாம். யாரோ ஒரு பொண்ணு, ரூபி. நான் செய்ய வேண்டியத அது செஞ்சிகீது."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் அந்தப் பச்சை எழுத்துதான் கண் முன்னால் வரும். ஜெபிப்பதையே விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் பட்டது. கணவரிடம் சொன்னேன். மறுநாளே லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். உயிர்ப் பயம் என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் எந்த முகத்தோடு போய் ஆண்டவரிடம் கேட்பேன்? அந்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு எழுத்தும் வரவில்லை. வெறும் தாளை மடித்து டப்பாவில் போட்டேன்.

அது ஸ்டெல்லா சிஸ்டர் கையில் வந்தது. கூட்டத்தில் பாட்டுப் பாடுகிறவர். பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "யாரோ எழுத மறந்துட்டீங்க. இது செல்லாது, வேற எடுத்துக்கறேன்" என்றார்.

சாந்தி கையை நீட்டினாள். "வெறுஞ்சீட்டுன்னா சும்மாவா? எழுதக்கூட தெம்பு இல்லாம யாரோ போட்டுகீறாங்க. இப்டி குடு சிஸ்டர், நான் எட்த்துக்கறேன்."

எல்லோரும் போன பிறகு பாய் சுருட்டி வைப்பது என் வேலை. அன்றைக்குப் பாயைச் சுருட்டவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜூன் மாதத்துச் சீட்டு என் கையில்தான் வந்தது என்று சொன்னேன். என்ன ஜெபித்தேன் என்று சொன்னேன். பட்டியலில் பெயர் வராதபோது சந்தோஷப்பட்டதையும் விடவில்லை. வெறுஞ்சீட்டையும் கட்டியையும் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்பட்டு மன்னித்துவிடுவாளோ என்று பயம்.

அவள் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "நீ போ, ரூபி" என்றாள். நான் வெளியே வந்ததும் உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

முடிவு வந்தது. புற்றுநோய். ஆரம்ப நிலை, உடனே அறுவை செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அப்போது நான் மறுபடியும் ஜெபித்தேன். கட்டியைப் பற்றிக் கேட்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். "எனக்கு எது நடந்தாலும் நடக்கட்டும். அந்தக் கதவு ஒரு தடவை திறக்கட்டும்" என்று மட்டும்தான் கேட்டேன். ஒவ்வொரு நாளும் என் வீட்டு ஜன்னல் வழியாக அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். அது திறக்கவில்லை. அவள் இருந்தாள், செருப்பு வெளியே கிடந்தது, கதவு மட்டும் திறக்கவில்லை.

என் கணவருக்கு எங்கள் சண்டை எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அன்று வழக்கம்போல வீட்டுச் சாவியைக் கொடுக்க எதிர் வீட்டு மணியை அடித்துவிட்டார். நான் படியிறங்கிவிட்டேன். அவர் என்ன சொன்னார், அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது.

அறுவை முடிந்து கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் சாந்தி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கஞ்சி பிளாஸ்க்.

"ஒன் மேல கோவம் கீது" என்றாள். "நெறையா கீது. அது பாட்டுக்கு இருக்கட்டும். நர்ஸு சொன்னதும் இத்த குடி."

நான் அழுதேன். தையல் வலித்தது. அக்கா என்னால்தான் இறந்தார் என்று சொன்னேன்.

"ஆமா, ஆண்டவரு ஒன் பேச்ச கேட்டுகினுதான் ஒலகத்த நடத்துறாரு பாரு" என்று அதட்டினாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அக்கா சாவு அவ நேரம், ரூபி. அதுக்கு நீ காரணம் இல்ல. ஆனா நீ ஜெபிச்சேன்னு என் மூஞ்சப் பாத்து சொன்னியே. எனக்காக யாரோ கேட்டுகினு கீறாங்கன்னு நம்பிகினு இருந்தேன். அதுதான் ஆறல."

 அவள் பிளாஸ்க்கைத் திறந்துகொண்டே சொன்னாள்: "வெறுஞ்சீட்டு போட்டது நீதான்னு, ஒன் ஊட்டுக்காரரு கட்டியப் பத்தி சொன்னப்பத்தான் புரிஞ்சுது. தெனமும் ஜெபம் பண்ணேன் அதுக்கு. ஒன்ன திட்டிகினேதான் பண்ணேன்."

ஜனவரியில் மாற்றல் உத்தரவு வந்தது. கோயம்புத்தூருக்கே. இனி அங்கே அக்கா இல்லை. ஆனால் வந்த உத்தரவை மறுக்க முடியாது என்று அவள் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சாந்தி சாமான்களைக் கட்டும்போது ஒரு கையை மட்டும் தூக்க முடிந்த நான் உட்கார்ந்து பாத்திரங்களுக்குப் பேப்பர் சுற்றிக்கொடுத்தேன்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை லாரி வந்தது. கிளம்பும்போது முறுக்கு டப்பாவை என் கையில் கொடுத்தாள். "கூட்டம் இனிமே ஒன் ஊட்லதான். நிறுத்துன, அங்கேர்ந்து வந்து ஒதைப்பேன். மீன் வாங்கறப்ப செவுளத் தூக்கிப் பாத்து வாங்கு, ஒன்ன எல்லாரும் ஏமாத்துறான்" என்றாள். கட்டிப்பிடிக்கவில்லை, என் தையல் நினைவு வந்து தோளை மட்டும் தொட்டாள். அவர்கள் ஏறிய கார் தெருமுனை திரும்பும்வரை நின்றேன்.

மேலே வந்து டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு சீட்டு. பச்சை மை.

"அங்கே எனக்கு ஒரு தோழி கிடைக்க வேண்டும்."

சகோதரிகளே, என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான விண்ணப்பம் என் கையில் வந்ததில்லை. என் இடத்தில் இன்னொருத்தியை உட்கார வைக்கச் சொல்லி நானே கேட்க வேண்டும். யார் எழுதியது என்று நான் கண்டுபிடிப்பேன், என் கையில்தான் வரும் என்று தெரிந்தே வைத்துவிட்டுப் போயிருந்தாள். என்னை மறுபடி நம்பித்தான் வைத்தாள். முதல் நாள் என்னால் முடியவில்லை. இரண்டாம் நாள் வாயைத் திறந்து, பாதியில் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் சீட்டைக் கையில் பிடித்து, அதில் எழுதியிருந்தபடியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன். அதன் பிறகு ஒரு நாளும் விடவில்லை. கதிர்வீச்சு சிகிச்சைக்குக் குமணன்சாவடி வரை ஷேர் ஆட்டோவில் போகும்போதும் அதையேதான் கேட்டேன்.

இந்த ஆகஸ்டில் ஒரு மத்தியானம் போன் வந்தது.

"ரூபி, கீழ் ஊட்ல ஒருத்தி வந்துகீறா. சுகுணான்னு பேரு. இன்னா வாய்ன்ற, அப்டியே ஒன்ன மாதிரி. காலையில நான் பாட்டுக்கு வெங்காயம் உரிச்சிகினு கீறேன், கதவக்கூட தட்டாம உள்ள வந்து, டீ குடிச்சீங்களான்னு கேக்கறா!"

சாந்தி சிரித்தாள். அக்கா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நானும் சிரித்தேன். "நல்லா இருக்கட்டும், அவளையும் மீன் வாங்கக் கூட்டிட்டுப் போ" என்றேன். போனை வைத்துவிட்டு, மாலை கணவர் வரும்வரை சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். நெஞ்சு உடைந்துதான் அழுதேன். ஆனால் அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னேன். நான் உண்மையாக, எனக்கு எதிராகவே கேட்ட முதல் ஜெபத்துக்கு ஆண்டவர் பதில் கொடுத்துவிட்டார்.

உடம்பு தேறி வருகிறது. இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கும் நன்றி சொல்கிறேன். ஆனால் நான் சாட்சி சொல்ல வந்தது அதற்காக இல்லை. மற்றவர்களுக்காக மனதாரக் கேட்கத் தெரியாத என் வாயை ஆண்டவர் கழுவித் தந்தார். அதற்காக வந்தேன். இப்போது யார் சீட்டு வந்தாலும் எழுதியிருக்கிறபடியே கேட்கிறேன். உங்கள் கையிலும் யாராவது ஒருத்தி தன் பாரத்தை நம்பிக் கொடுத்திருப்பாள். அவள் கேட்டதையே அவளுக்காகக் கேளுங்கள். உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று பயப்படாதீர்கள். அதை அவர் பார்த்துக்கொள்வார்.

எதிர் வீட்டில் இன்னும் யாரும் குடிவரவில்லை. சாந்தி போன பிறகு முதல்முறையாக, போன வாரம் எனக்காக ஒரு சீட்டு எழுதி டப்பாவில் போட்டிருக்கிறேன். யாரோ ஒருத்தி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மூன்று மணி, நூம்பல், இரண்டாவது மாடி. நீங்களும் வாருங்கள். கதவைத் தட்ட வேண்டாம், திறந்துதான் வைத்திருப்பேன்.