அக்கா வீட்டுத் திறப்பு

மாமா எங்கே உட்கார்ந்தாலும், சற்று நேரத்தில் சட்டைப்பையிலிருந்து அந்தத் திறப்புக் கொத்து வெளியே வந்துவிடும். கல்லடியில் இருக்கும் வீட்டுப் பூட்டுகளின் திறப்புகள். விரலில் மாட்டிச் சுழற்றுவார், நிறுத்துவார், மறுபடி சுழற்றுவார். அந்தக் கிலுகிலுச் சத்தத்தைக் கேட்கிற நமக்குத் தலை வலிக்கும்.

வீடு அவருடையதல்ல, கனடாவில் இருக்கும் அவருடைய அக்காவுடையது. எனக்குப் பெரியம்மா. எங்கள் பக்கத்தில் தாய்வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். அந்த வீட்டில் தனக்கு ஓர் ஓட்டுத்துண்டும் இல்லை என்பதை மாமா பெருமையாகவே சொல்வார். ஆனாலும் வாடகைக்கு விட்டதும் கூரை திருத்தியதும் அவர்தான். வாடகையும், வசதிக்காக, அவருடைய வங்கிக் கணக்குக்கே வந்துகொண்டிருந்தது.

அதுதான் வினையாயிற்று. வரி அலுவலகத்துக்கு நானும் கூடப் போயிருந்தேன்.

"காசு உங்கட கணக்கில விழுது ஐயா. உங்கட வருமானம் எண்டுதான் எடுப்பம். இல்லாட்டி அக்காட பேரில வரிக் கோப்புத் திறக்கவேணும்" என்று அலுவலர் தன்மையாகத்தான் சொன்னார். மாமாவின் முகம் கறுத்துவிட்டது.

"பொம்புளப்புள்ளைட வீட்ட என்ட வருமானம் எண்டு எழுதிப்போட்டு, நான் எப்படி அவட முகத்தில முழிக்கிற?"

பெரியம்மாவோ, "உன்ட பேரில போட்டு முடியன்டா தம்பி" என்றார். மாமா கேட்கவில்லை. அக்காவின் பெயரிலேயே கோப்பும் கணக்கும் திறக்கவைத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "கூடப்பிறந்தவனே என்ன அரசாங்கத்துக்குக் காட்டிக் குடுத்துப்போட்டான்" என்று என் அம்மாவிடம் குமுறிய பெரியம்மா, அதோடு மாமாவுடன் பேசுவதை நிறுத்திவிட்டார். மாமா அழைத்தாலும் பதில் இல்லை. பின்னேரங்களில் ஒரு கையில் போனும் மறுகையில் திறப்புமாக வாவிக்கரையில் நடந்துகொண்டே இருப்பார். பெரியம்மாமீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. விட்டுக்கொடுக்காத மாமாமீதும்தான். அக்காவின் அழைப்பு வராமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

இப்போது திறப்பு என்னிடம் இருக்கிறது. போன வாரம், புதிதாகக் குடிவருபவர்களைப் பற்றிச் சொல்லப் பெரியம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அந்தக் கோப்பெல்லாத்தையும் மூடிப்போட்டு, வாடகைய உன்ட கணக்குக்கு எடுகா."

"இல்ல பெரியம்மா. வீடு உங்கட. உங்கட கணக்குக்கே வரட்டும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அவனும் இதத்தானே சொன்னவன். நான்தான் அவனுக்கு ஒரு போன் கோல் எடுக்கல்ல."

அழுகை நடுவில் சட்டென்று நின்றது.

"அதென்னகா சத்தம்?"

குனிந்து பார்த்தேன். என் விரலில் திறப்புக் கொத்து சுழன்றுகொண்டிருந்தது.