மண்டபத்து வாசலில் நின்றவர்

அண்டை நாட்டு கிரிக்கெட் அணி பெங்களூரில் ஆடக்கூடாது என்று, பெங்களூர் போகும் சாலையில் மாநில எல்லையான ஜூஜூவாடியில் மறியல் செய்தோம். கலவரத் தடுப்புப் போலீஸ் எங்களைக் கேடயத்தால் நெட்டித் தள்ளி வேனில் ஏற்றி, ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தது.

காலையில் என் தோளில் கேடயத்தை வைத்து அழுத்தியவரே அங்கே வாசலில் காவலுக்கு நின்றார். ஐம்பதைத் தாண்டியிருப்பார். வேர்வை காய்ந்து சட்டையில் உப்புப் பூத்திருந்தது. அடிக்கடி ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே வைத்திருந்த கைக்குட்டையைப் பிழிந்து, மறுபடி மடித்து வைத்து மாட்டிக்கொள்வார்.

மதியம் எங்களுக்குச் சாம்பார் சாதப் பொட்டலம் வந்தது. அவருக்கு வரவில்லை. எரிச்சலோடுதான் ஒன்றை நீட்டினேன்.

"வேணாம் தம்பி. தோள்பட்டை வலிக்குதா?"

"வலிக்காம என்னண்ணா? எங்கள எப்ப விடுவீங்க?"

"ஆறு மணிக்கு விட்ருவாங்க. நாலு நாளா நாங்க தங்கியிருக்கறதும் இதே மண்டபம்தான். நீங்க போனாத்தான் நான் படுக்க முடியும்."

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். உள்ளேயே உட்கார்ந்து இன்னும் ஒரு மணி நேரம் கோஷம் போடுவோம் என்றார் எங்கள் தலைவர். எல்லோரும் கை உயர்த்தினார்கள். நான் ஜமக்காளத்தில் சிதறிக்கிடந்த சாப்பாட்டுக் காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.