பன்னிரண்டாவது புத்தகத்தில் மருமகன்

நம்பாதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். நானும் எவனையும் நம்புகிறவன் இல்லை. ஆனால் இது என் கண் முன்னால் நடந்தது.

எங்கள் அச்சகத்தில் ஓர் எழுத்தாளர் புத்தகம் போடுவார். படமும் அவரே வரைவார். எல்லாம் சாவுதான், ஆனால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். தபால்காரரைத் தபால்பெட்டி விழுங்கும். டீக்கடைக்காரர் பாய்லருக்குள் தலைகீழாகக் கிடப்பார். எல்லாம் அவருக்குத் தெரிந்தவர்கள் முகம். படத்தில் செத்தவர்களே புத்தகம் வாங்கி, ஊருக்கெல்லாம் காட்டிப் பல்லிளிப்பார்கள்.

பதினோரு புத்தகம் வந்தது. பன்னிரண்டாவது அச்சில் ஏறுவதற்குள் ஆள் செத்துப்போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அதை அச்சடித்தோம்.

அச்சான தாளை வெட்டுவது என் மருமகன். வெளியாளை நம்பாமல் நானே சேர்த்துவிட்டவன். அவன் கைதான் என் மகளுக்குச் சோறு. நான் தாளை விசிறித் தட்டிச் சமமாக்கி அவனிடம் கொடுப்பேன்.

அன்று மாலை 4.10. கட்டைவிரலால் ஒரு கட்டுத் தாளை விசிறினேன். சர்ர்ர்...

படம் அசைந்தது.

எல்லாம் ஒரே பிளேட்டில் அடித்த தாள். ஒன்றுபோலத்தான் இருக்க வேண்டும். மறுபடி விசிறினேன். வெட்டும் மெஷின் முன்னால் ஒருவன். முதலில் கை இடுப்பில். அப்புறம் மேசையில். அப்புறம் கத்திக்குக் கீழே...

என் மருமகன் முகம்.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? உங்களையும் வரைஞ்சு தொலைச்சிட்டாரா?"

"மெஷினை நிறுத்து மாப்ளே."

"ஒரு கட்டுதானே பாக்கி..."

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். மணி 4.13. மெஷின் அடங்கியது.

கரண்ட் நின்ற பிறகுதான் கத்திக்கடியில் கை விட வேண்டும். நான் சொல்லிக்கொடுத்தது. அதையே செய்தான். கோணலாக நின்ற தாளைச் சரிசெய்ய, இரண்டு கையையும் உள்ளே விட்டான்.

கத்தி ஆடியது. கரண்ட் இல்லை...

"கையை எடுடா!"

டக்.

மகள்தான் இப்போது அவனுக்கு ஊட்டிவிடுகிறாள். என்னோடு பேசுவதில்லை.

அந்தக் கட்டின் கடைசித் தாளைப் பிறகு பார்த்தேன். மூலையில் இன்னொருவன். மெயின் சுவிட்சில் கை, பிளந்த வாய். என் முகம். கீழே ஒரு வரி: 'காப்பாற்ற வந்தவர்.'

தாளை எடுத்துக்கொண்டு எழுத்தாளர் வீட்டுக்குப் போனேன். எழுத்தாளர் தன் கையால் வரைந்த அசல் படத்தை அவர் மனைவி எடுத்துக் காட்டினார். அதில் வரி இல்லை. இரண்டு ஆள். இரண்டு பேருக்கும் முகமே இல்லை.

"யாரு முகம் வெச்சா ரொம்ப சிரிப்பு வரும்னு சாகிற அன்னைக்கும் யோசிச்சிட்டே இருந்தாருங்க," என்றார்.