மலைக்குக் கேட்கும் வாய்ப்பாடு

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பு நடக்கிறதா இல்லையா என்று யாரும் போய்ப் பார்த்துச் சொன்னதில்லை. காதால் கேட்டுத்தான் சொன்னார்கள். பள்ளிக்கூடம் பள்ளத்தில் இருந்தது, தேயிலை மலை அதற்கு மேலே. நாங்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது பிள்ளைகள் வாய்ப்பாடு கத்தும் சத்தம் கீழேயிருந்து ஏறி வரும். சத்தம் பெரிதாக இருந்தால் அவர் நல்ல வாத்தியார். சத்தம் இல்லையென்றால் தூங்குகிற வாத்தியார். எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் ஒரு பரீட்சை தேவைப்படவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த ஒரே மண்டபத்துக்குள்தான் ஐந்து வகுப்பும். இடுப்பளவு சுவர், மேலே தகரம். ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் கரும்பலகை ஒன்று காலூன்றி நிற்கும். தடுப்பு என்று இருந்தது அது மட்டும்தான். இரண்டாம் வகுப்பு பாட்டுப் பாடும், பக்கத்திலேயே ஐந்தாம் வகுப்பு கணக்குச் செய்யும். ஒரு வகுப்பை மிஞ்ச இன்னொன்று கத்தும். மழை வந்தால் எல்லா வகுப்பும் சேர்ந்து தகரத்தோடு போட்டிக்கு நிற்கும். இரத்தினபுரிப் பக்கம் மழை எத்தனை நாள் பெய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மகளுக்கு வலது காது கேட்காது. கைப்பிள்ளையாக இருந்தபோது சீழ் வைத்து, வைத்து, அந்தக் காது போய்விட்டது. பெரியாஸ்பத்திரி டாக்டர் சிங்களத்தில் பொறுமையாகத்தான் சொன்னார். மற்றக் காது நல்ல காது, பள்ளிக்கூடத்தில் முன்னால் உட்கார வையுங்கள், சத்தம் இல்லாத இடமாகப் பாருங்கள் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். சத்தம் இல்லாத இடம்! அவர் எங்கள் மண்டபத்தைப் பார்த்ததில்லை.

அங்கே உட்கார வைப்பது உயரத்தை வைத்து. குள்ளப் பிள்ளை முன் வாங்கில், நெட்டைப் பிள்ளை கடைசி வாங்கில். என் மகள் அப்பாவைப் போல நெட்டை. ஒவ்வொரு ஜனவரியும் அவளைக் கடைசிக்கு அனுப்புவார்கள். நான் போய், சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு, வாய்க்குள்ளேயே ஏதோ சொல்வேன். “சரிம்மா, பார்ப்போம்” என்பார்கள். பார்க்க மாட்டார்கள். கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை என்று பிள்ளைகள் அவளுக்குத் தொரைச்சாணி, அதாவது துரையின் பெண்சாதி, என்று பெயர் வைத்திருந்தார்கள். “தொரைச்சாணிக்கு நம்ம கூப்பிட்டா கேக்காதுடி, கார் ஹோர்ன் அடிச்சாத்தான் கேக்கும்.” அதையும் அவள் பாதிதான் கேட்டிருப்பாள்.

மூன்றாம் வகுப்பில் ஒரு வருடம் இருந்தும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. அடுத்த வருடமும் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். தலைமை ஆசிரியரை நாங்கள் பெரிய சேர் என்போம். அவர் என்னைக் கூப்பிட்டு, “இந்த வருஷமும் வாசிக்க வரலைன்னா வீட்டோட வச்சுக்கங்கம்மா. மந்தமான புள்ளைய வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்யிறது? இடமும் பத்தல” என்றார். எனக்குக் கோபம் வந்தது. “சரிங்க சேர்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வருடம்தான் மூன்றாம் வகுப்புக்குப் புது டீச்சர் வந்தார். பெல்மதுளைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை, வயது குறைவு, தினமும் பஸ்ஸில் வந்து போவார். குரல் சின்னது. அவர் கத்தவில்லை, பிள்ளைகளையும் கத்த விடவில்லை. ரப்பர் மலையில் பொறுக்கிய கொட்டைகளைத் தரையில் பரப்பிக் கூட்டவும் கழிக்கவும் வைத்தார். ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் கூப்பிட்டு வாசிக்க வைத்தார். மண்டபத்தின் ஓரத்து மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். என் மகள் திரும்பாததன் காரணத்தை நான் சொல்லாமலே கண்டுபிடித்து, அவளுடைய நல்ல காது தன் பக்கம் இருக்கும்படி முன்னால் உட்கார வைத்தார்.

ஒரு நாள் வழியில் என்னைப் பிடித்து, “உம்மா, அவவுக்கு மூளை நல்லா ஈக்கி. கேக்கல்ல, அவ்வளவுதான்” என்றார். அன்றைக்கு நான் கொழுந்துக் கூடையை நிறுவையில் வைக்க மறந்து முதுகிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆனி மாதம் வரும்போது சவர்க்கார உறையில் இருந்த எழுத்தை அவள் கூட்டி வாசித்தாள். எனக்கு அது போதும். மலையில் இருந்தவர்களுக்குத்தான் போதவில்லை.

“மூணாம் வகுப்பு சத்தமே காணோமே?” என்று நிரையில் ஒருத்தி ஆரம்பித்தாள்.

“அந்த டீச்சரு தூங்குது போல.”

“பஸ்ஸில வந்த களைப்பு. பாவம், புள்ளைக தாலாட்டுதோ என்னமோ!”

எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் வாசிக்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பேச்சு அரிசிக்குப் போய்விட்டது. எனக்கு எப்போதும் இதுதான். நான் வாயைத் திறக்கும்போது பேச்சு அடுத்த நிரைக்குப் போயிருக்கும். சாயங்காலத்துக்குள் தூங்குகிற டீச்சர் என்ற கதை கொழுந்து நிறுக்கிற மடுவம் வரை வந்துவிட்டது. டீச்சரை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பெற்றார் கூட்டமே கூட்டிவிட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது, கக்கூஸுக்குக் கதவு இல்லை. அதற்கெல்லாம் ஒரு நாளும் கூடாதவர்கள்.

கூட்டத்தில் பெரிய கங்காணிதான் முதலில் எழுந்தார். அவருடைய பேரனும் மூன்றாம் வகுப்பு.

“டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. நாங்க மலையில நிக்கிறோம். புள்ளைக சத்தம் கேட்டாத்தானே படிக்கிறாங்கன்னு எங்களுக்கு ஒரு இது இருக்கும்?”

டீச்சர், “சத்தம் போட்டா புள்ளைகள் சத்தத்தத்தானே படிக்கும்?” என்றார்.

“நாங்கல்லாம் கத்தித்தான் படிச்சோம்” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“படிச்சு நீ என்னா, தொரையாவா ஆயிட்ட? தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்திதானே புடிக்கிற!” என்றாள் அவர் பெண்சாதி. மண்டபமே சிரித்தது. பெரிய சேரும் சிரித்துவிட்டு, “பெற்றார் சொல்றதிலயும் நியாயம் இருக்கு” என்றார். அவருக்கு எந்தப் பக்கம் சத்தம் கூடவோ அந்தப் பக்கம் நியாயம் இருக்கும்.

நான் என் வீட்டுக்காரரை முழங்கையால் இடித்தேன். அவர் தகரத்து ஓட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நானே எழுந்தேன்.

“எம் புள்ளைக்கு ஒரு காதுதாங்க” என்றேன். “இந்த டீச்சரு வந்த பொறகுதான் வாசிக்குது. இவங்களும் கத்தினா அது மறுபடியும் ஒண்ணும் தெரியாமப் போயிரும். பெரிய சேர் வீட்டோட வச்சுக்கச் சொல்லியிருக்காரு.”

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். விளங்கிவிட்டது என்று நினைத்தேன். கங்காணி மிகவும் அன்பாக என் பக்கம் திரும்பினார்.

“அது சரி மகளே, பாவந்தான். ஆனா ஒம் புள்ளைக்குக் கேக்கணும்னு சொல்லி மலைக்கே கேக்காம செஞ்சா எப்புடி?”

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை பேரில் ஒருவராவது தன் பிள்ளையைக் கூப்பிட்டு, எங்கே வாசித்துக் காட்டு என்று கேட்கவில்லை. பிள்ளைகள் வெளியே பலா மரத்தடியில் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கடைசியில் டீச்சரே ஒரு வழி சொன்னார். “நீங்க மத்தியானம் கொழுந்து நிறுக்க எறங்கி வாற நேரம் நான் வாய்ப்பாடு கத்த வெக்கிறேன். நல்லாக் கேக்கும். மத்த நேரம் என்னய என் பாட்டுக்கு உடுங்க.”

“ஹரி, சரி!” என்றார் கங்காணி. “அது போதும். நாங்க என்னா, நாள் முழுக்கவா கேட்டோம்?” நாள் முழுக்கத்தான் கேட்டார்கள். பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள், எல்லோரும் சந்தோஷமாகக் கலைந்தார்கள். மாற்றச் சொல்லும் கடிதத்தை யாரும் எழுதவில்லை. அதைப் பற்றிப் பிறகு யாரும் பேசவுமில்லை.

மறுநாள் நிறுவைக்கு இறங்கினோம். மூன்றாம் வகுப்பு ஏழாம் வாய்ப்பாட்டைத் தகரம் அதிரக் கத்தியது. அதைக் கேட்டு நான்காம் வகுப்பும் தொடங்கியது. மடுவத்தில் தராசு பார்க்கிற கணக்கப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டார்.

“இப்ப பாரு, இதுல்ல படிப்பு!” என்றாள் தூங்குகிற டீச்சர் கதையை ஆரம்பித்த அதே பெண். என் கூடையை அவள் காலில் போடலாமா என்று நினைத்தேன்.

சாயங்காலம் மகளிடம், “நீயும் கத்தினியா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. வாய மட்டும் ஆட்டினேன். டீச்சரும் அப்புடித்தான்.”

அந்த வருடக் கடைசியில் பெரிய சேர் முன்னால் அவள் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசித்தாள். “பரவாயில்லையே, கத்திப் படிச்சதில புத்தி வந்திருச்சு” என்றார் அவர். அதையும் நான் கேட்டுக்கொண்டு நின்றேன். நான்காம் வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள்.

ஜனவரியில் நான்காம் வகுப்பு சேர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி உயரம் பார்த்தார். மகள் மறுபடியும் கடைசி வாங்குக்குப் போனாள். அவள் வந்து சொன்ன மறுநாள், நிறுவை முடிந்ததும் மழைக்குக் கட்டிய படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் நேராக மண்டபத்துக்குள் போனேன். மகளைக் கையைப் பிடித்து எழுப்பி, முன் வாங்கின் ஓரத்தில், நல்ல காது சேர் பக்கம் இருக்கிறபடி உட்கார வைத்தேன். பேச வரவில்லை. வெளியேயும் போகவில்லை. அங்கேயே நின்றேன்.

சேர் என்னைப் பார்த்தார், என் காலடியில் சொட்டிய தண்ணீரைப் பார்த்தார். “சரிம்மா, இருக்கட்டும். நீங்க போங்க” என்றார்.

அடுத்த கிழமை கூரை ஒழுகுகிறது என்று வாங்குகளை மாற்றிப் போட்டபோது அவளைத் திரும்பவும் பின்னால் அனுப்பிவிட்டார்கள். நானும் திரும்பவும் போய் நின்றேன். அந்த வருடம் முழுக்க அப்படித்தான். என்னைக் கண்டாலே சேர், “இந்தா, ஒங்கம்மா வந்துட்டாங்க, முன்னால வா” என்று சொல்லப் பழகினார். நான் வராத நாட்களில் மட்டும் அவருக்கு மறந்துபோகும்.