விரல் எடுபடாத போன்

கடையில் அவளை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். அது போன் கம்பெனியின் சொந்தக் கடை. தெருவைப் பார்த்தபடி கண்ணாடிச் சுவர், நீள நீளமாக வெள்ளை மேசைகள், பட்டப்பகலிலும் எரியும் விளக்குகள். அவள் பழுது கவுண்டரில் இருந்தாள், நான் பின்வாசலில் காவல். வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பையைத் துழாவிப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். நாளெல்லாம் கம்பெனிக்காகச் சிரித்துவிட்டு, போகும்போது திருடியா இல்லையா என்று நிரூபித்துவிட்டுப் போகவேண்டும். என்ன பிழைப்போ!

சொந்த போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். அதில் அவரவர் போனின் தயாரிப்பு எண் அச்சாகியிருக்கும். வாசலில் போனைத் திறந்து, அதற்குள் இருக்கும் எண்ணை எனக்குக் காட்டவேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் போகலாம். காட்ட முடியாவிட்டால் போன் மேனேஜரிடம் போய்விடும், வேலையும் பெரும்பாலும் அதன் பின்னாலேயே போய்விடும்.

வாயாடி முதலில் உள்ளே பழுது அறையில் திருப்புளி பிடித்தவள். வாய் இனிக்கிறதென்று கவுண்டருக்குத் தள்ளினார்கள். வீட்டில் புருஷனுக்கு இடுப்பு ஒடிந்து படுக்கை, தம்பிக்குப் படிப்பு, எல்லாம் இவள் தலையில். கேட்டால், "விடுக்கா, அழுதா மட்டும் யார் வந்து தூக்கிவிடப் போறா?" என்று சிரிப்பாள். அவளை எனக்கு என் கூடப்பிறந்தவள் மாதிரிப் பிடிக்கும். அவளிடம் மட்டும் பையைத் திறக்கச் சொல்ல எனக்கு வாய் கூசும்.

ஒருநாள் மதியம் முன்வாசல் ஆள் சாப்பிடப் போயிருந்ததால் நான் அங்கே நின்றேன். வேன் ஓட்டுகிற ஒருவர் ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்து, போனை அவள் முன்னால் வைத்தார்.

"காலையில அதுவா ஏதோ புதுசா ஏத்திக்கிச்சும்மா. அணைஞ்சு எழுந்ததுலேர்ந்து விரலே எடுபடல. நம்பர் போட்டுத் திறக்க முடியல."

அவருடைய மகளுக்குச் சர்க்கரை நோய். சின்னப் பெண். கையில் ஒட்டியிருக்கும் கருவி, சர்க்கரை இறங்கினால் அப்பாவின் போனில் மணி அடிக்கும். அணைந்து எழுந்த போனை நம்பர் போட்டுத் திறந்தால்தான் அந்த மணி வேலை செய்யும். விரலைக் குத்தி ரத்தத்தில் பார்க்கலாம்தான், ஆனால் அந்தப் பெண்ணுக்கு இறங்குவது வெளியே தெரியாதாம். விளையாடிக்கொண்டே இருப்பாள், அப்படியே சரிந்துவிடுவாள். போன மாதம் அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

வாயாடி போனைத் திருப்பிப் பார்த்தாள். திரை வெளிக்கடையில் மாற்றியது. நேற்றுவரை வேலை செய்த திரையை இன்று கம்பெனி மென்பொருள் ஏற்க மறுத்துவிட்டது.

மேனேஜர் புன்னகையோடு வந்தார். "வெளி பார்ட்ஸ் போட்ட போனை நாங்க தொடறது இல்லைங்க. குடுத்துட்டு வேற போன் வாங்கிக்கலாம். பழசுல இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும்."

"வேற போன்ல அந்தக் கருவி பேசாதுங்க! முதல்ல எதுல ஆரம்பிச்சோமோ அதுலதான் பேசும். புதுக் கருவி வர அடுத்த வாரம் ஆகும். அதுவரைக்கும் என் பொண்ண என்ன பண்றது?"

"உங்க கஷ்டம் புரியுதுங்க" என்றார் மேனேஜர், அதே புன்னகையோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிரைவர் வெளியே போய்ச் சுவரோரம் குந்திவிட்டார். வாயாடி சாப்பாட்டு நேரம் என்று சொல்லி எழுந்தாள். அரைமணி கழித்து என் பக்கத்தில் வந்து தண்ணீர் குடித்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"அக்கா, ஒரு காரியம் பண்ணிட்டேன். என்னுதும் அதே மாடல்தானே? அவர் போனை வாங்கிட்டுப் போய், பழுது ரூம்ல என் போன்ல இருந்த கம்பெனித் திரையைக் கழட்டி அவருக்குப் போட்டுட்டேன். விரல் எடுபடுது! அவர் திரை இப்ப என் போன்ல."

"அடிப்பாவி! வாசல்ல என்னடி பண்ணுவே?"

"போன் என்னுது, அட்டை என்னுது. யார் என்ன கேட்க முடியும்?"

"நம்பரைக் காட்டணுமேடி. விரல் எடுபடாத போன்ல எதைத் தொட்டுக் காட்டுவே?"

அவள் கையிலிருந்த தண்ணீர் சட்டையில் கொட்டியது. இத்தனை வருஷம் தினமும் காட்டியவள், அதை மட்டும் யோசிக்கவே இல்லை. திரும்ப மாற்றவும் வழியில்லை. டிரைவர் கிளம்பிப் போயிருந்தார்.

போவதற்கு முன் நடைபாதையில் நின்று அந்த போனில் பேசியிருக்கிறார். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார். சாயங்காலம் வேலை முடிகிற நேரத்துக்கு என் மேசையருகே வந்து கைகட்டி நின்றுகொண்டார். ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் வாயாடி வந்தாள்.

அட்டையையும் போனையும் மேசையில் வைத்தாள். பார்த்த மாதிரி பாவனை செய்து, "சரியா இருக்கு, கிளம்பு" என்றேன்.

"எனக்கும் காட்டுங்க" என்றார் மேனேஜர்.

அந்த நேரம் பார்த்து போன் அலறியது. திரையில் ஒரு எண்.

"அக்கா, அந்த டிரைவர்தான்! மணி அடிச்சா உடனே சொல்லுங்கன்னு நான்தான் நம்பர் குடுத்தேன்." பாய்ந்து எடுத்தாள். கட்டைவிரலால் இழுத்தாள். மறுபடி இழுத்தாள். சட்டையில் விரலைத் துடைத்துவிட்டு இழுத்தாள். திரை மரக்கட்டையாகக் கிடந்தது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மேனேஜர் எல்லாவற்றையும் பார்த்தார். அவருக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

"குழந்தைக்கு என்ன ஆச்சோ தெரியலையே!" என்று வாயாடி அழ ஆரம்பித்தாள். போன் மறுபடி அடித்தது. இந்தமுறை எண்ணைப் பார்த்துக்கொண்டே என் பட்டன் போனில் அழுத்தினேன்.

"டியூட்டியில போன் பேசக்கூடாதுன்னு தெரியாதா?" என்றார் மேனேஜர்.

"தெரியும்" என்றேன். அவள் போன் அடித்து நின்றதும் என் அழைப்பு போய்ச் சேர்ந்தது.

கடையிலிருந்து பேசுகிறேன் என்றேன். டிரைவருக்கு மூச்சு வாங்கியது. "மணி அடிச்சுதும்மா. வண்டியைப் பாதி வழியில நிறுத்தி வீட்டுக்குச் சொன்னேன். என் தங்கச்சி போய்ப் பார்த்தா, தலை தொங்கிப்போய்க் கிடந்திருக்கா. சர்க்கரைத் தண்ணி குடுத்ததும் எழுந்து உக்காந்துட்டா. கவுண்டர்ல இருந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க. அவங்க நல்லா இருக்கணும்."

சொன்னேன். வாயாடி அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

மேனேஜர் அவள் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினார்.

"குழந்தை இப்ப நல்லா இருக்குல்ல?" என்று என்னைக் கேட்டார்.

"நல்லா இருக்கு சார்."

தலையாட்டினார். நிஜமாகவே நிம்மதிப்பட்ட முகம்தான். பிறகு போனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பையின் வாயை ஒட்டி, அவள் பெயரை அதன்மேல் எழுதச் சொல்லி பேனாவை என்னிடம் நீட்டினார்.