குஞ்சியப்பு வாங்கிய ஸ்பீக்கர்கள்

எட்டடிக்குப் பத்தடி அறை. அதில் ஒரு கட்டில், ஒரு மேசை, மேசையின் இரு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் இரண்டு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டிகள். அப்பாவின் தம்பியை நாங்கள் குஞ்சியப்பு என்போம். அவர் தன் கட்டிலுக்கே பக்கவாட்டாகத்தான் நடந்து போவார். அந்தப் பெட்டிகளை அவர் தலையில் கட்டியவன் நான்தான் என்று எங்கள் ஊர் தொண்டைமானாற்றில் ஒரு பேச்சு இருந்தது. அது முழு உண்மையல்ல. ஆனாலும் நான் மறுத்ததில்லை.

குஞ்சியப்பு தபால் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். எங்களுக்கு அடுத்த வளவில் தனியாக இருந்தார். அவர் மனைவி குஞ்சியம்மா காலமாகி மூன்று வருடம். குஞ்சியம்மாவின் குரல் ஒரே ஒரு கசெற்றில் மிஞ்சியிருந்தது. நான் பேராதனையில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நவராத்திரிக்கு, கப்பலில் வேலை செய்த அயலவரின் ரெக்கோடரை இரவல் வாங்கிச் சாமியறையில் அவர் பாடியபோது பதிந்தது. பாட்டு பாதியில் நின்றுவிடும். பிறகு வெறும் இரைச்சல். ரெக்கோடர் சதி செய்துவிட்டது என்று குஞ்சியப்பு எல்லோரிடமும் குறைப்படுவார். கையடக்கமான பழைய பிளேயர் ஒன்றில் அதைத் தினமும் போட்டுக் கேட்பார்.

நான் அப்போது நெல்லியடியில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். ஒலிக்கருவிப் பைத்தியம் தலைக்கேறிய வயது. இறக்குமதிக் கெடுபிடி தளர்ந்து, யாழ்ப்பாணக் கடைகளில் ஜப்பான் சாமான்கள் குவிந்திருந்தன. நாடாவில் இருப்பதில் பாதியை உந்தப் பழைய பிளேயர் விழுங்குகிறது, நல்லதாக ஒன்று வாங்குங்கள் என்று நச்சரித்து, ஒரு சனிக்கிழமை அவரைப் பஸ்ஸில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கூட்டிப் போனேன்.

கடைக்காரர் சினிமாப் பாட்டொன்றைப் போட்டுக் காட்டினார். குஞ்சியப்பு சட்டைப்பையிலிருந்து தன் கசெற்றை எடுத்து நீட்டினார். முதலில் ஒரு சின்ன செற். குரல் தெளிவாக வந்தது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சின்ன அறைக்கு இதுவே தாராளம் என்று கடைக்காரரும் சொன்னார். என் வாய்தான் சும்மா இருக்கவில்லை. அந்தப் பெரிய பெட்டிகளில் ஒருமுறை போடுங்கள் என்றேன்.

பெரிய பெட்டிகளில் குஞ்சியம்மாவின் வளையல் சத்தம் கேட்டது. மூச்சை இழுப்பது கேட்டது. பின்னால் யாரோ தும்மினார்கள். பிறகு, பாட்டு நிற்பதற்குச் சற்று முன்னால், தூரத்தில் ஓர் ஆண் குரல்.

"காணும், நிப்பாட்டும். ஆக்கள் பாத்துக்கொண்டிருக்கினம். அவலைக் கொண்டாரும்."

பாட்டு நின்றது. வளையல்கள் ஒருமுறை குலுங்கின. காலடிகள் விலகிப் போயின.

அது குஞ்சியப்புவின் குரல். அதில் கோபம் எதுவும் இருக்கவில்லை. பூசைக்கு வந்தவர்களை அவலும் கடலையும் கொடுக்காமல் காக்க வைப்பது எங்கள் வீடுகளில் பெரிய மானக்கேடு, அந்த அவசரம்தான். ஒருவருக்கும் நினைவில் நிற்காத சின்ன விஷயம். நான் பாய்ந்து போய்க் கருவியை நிறுத்தி, அறைக்குச் சின்னதே போதும் குஞ்சியப்பு, வாருங்கள் என்றேன்.

அவர் அசையவில்லை.

"இவ்வளவு காலமும் ரெக்கோடரிலை பழி போட்டுக்கொண்டிருந்திட்டன்" என்றார். பிறகு, "உந்தப் பெரிசையே கட்டச் சொல்லு" என்றார்.

இன்றைக்கு என் பேரப்பிள்ளைகள் உள்ளங்கையளவு கருவியில் ஊசி விழும் சத்தத்தைக்கூடக் கேட்கிறார்கள். எனக்கு அந்தத் துல்லியத்தில் ஆசை விட்டுப்போயிற்று. உண்மையில் பயம் என்றுதான் சொல்லவேண்டும். அந்தக் கடையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மனிதர் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

பெட்டிகள் வந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு பின்னேரம் அம்மா கொடுத்துவிட்ட தோசையோடு போனேன். அறைக்கதவு திறந்திருந்தது, பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. குஞ்சியப்பு கட்டில் நுனியில் தலையைக் குனிந்தபடி இருந்தார். நிப்பாட்டச் சொல்லும் அவருடைய குரல் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. பாட்டு நின்றது, காலடிகள் போயின, இரைச்சல் தொடங்கியது. அவர் நிறுத்தவில்லை. அந்தக் கறுப்புப் பெட்டியின் பக்கம் மெல்லச் சரிந்து சொன்னார்.

"ஆக்கள் இருக்கட்டும். நீர் பாடும்."